சாட்சி நேரம்

படுக்கையில் என் பக்கத்தை மட்டும் சரிசெய்தேன். மறுபக்கம் கசங்குவதே இல்லை.

பால்புட்டியை வெந்நீரில் போட்டேன். சட்டைக்கு இஸ்திரி போட்டேன். பால்மாவைக் கலக்கி, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுச் சூடு பார்த்தேன். மகள் குடித்தாள். தோளில் போட்டுத் தட்டினேன். ஏப்பம் விட்டாள். கூடவே கொஞ்சம் கக்கினாள்.

"சட்டைய மாத்துங்க மாப்பிள்ள. பால் வாடையோடவா சாட்சி சொல்லப் போறீங்க?" என்றார் அத்தை.

இஸ்திரி போட்டது அந்த ஒரு சட்டைதான். ஈரத்துணியால் துடைத்துக்கொண்டு கிளம்பினேன்.

அத்தை அன்று நிமிர்ந்து நடந்தார். இறந்துபோன அவருடைய மகளைப் பற்றி ஆராதனையில் எல்லோர் முன்னாலும் நான் பேசப்போகிறேன்.

பேச வேண்டியது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அவளுடைய இதயம் பிரசவத்தைத் தாங்காது, கருவைக் கலைத்துவிடலாம் என்றார் டாக்டர். அவரும் எங்கள் சபைதான். தாயைக் காப்பாற்றுவது கொலை ஆகாது என்றார். போதகர், ஆகும் என்றார். இருவரும் படித்தது ஒரே வேதத்தைத்தான். அவள் போதகர் பக்கம் நின்றாள்.

'என் பிள்ளையக் கொன்னுட்டு நான் இருக்க வேண்டாம்.'

டாக்டரின் அறையில் அவள் சொன்ன அந்த வாக்கியம் இப்போது சபைக்கே மனப்பாடம். அவளுடைய கடைசி வார்த்தை அதுதான் என்று சொல்லிக்கொள்கிறார்கள்.

போதகர் என்னை முன்னால் அழைத்தார்.

முதல் வரிசையில் ஒரு பெண். வயிறு இன்னும் தெரியவில்லை. அவளுக்கும் டாக்டர் அதையே சொல்லியிருக்கிறார் என்று வழியில் அத்தை சொன்னார். நான் சொல்வதைக் கேட்கட்டும் என்றுதான் அந்தப் பெண்ணின் மாமியார் அவளைக் கூட்டி வந்திருந்தார்.

மகள் என் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள். மைக் பிடிக்க ஒரு கை போதும். ஆனாலும் அவளை அத்தையிடம் கொடுத்து, வெளியே கொண்டுபோகச் சொன்னேன். தூங்குகிற பிள்ளையை எதற்கு என்பதுபோல் அத்தை பார்த்தார்.

கதவு மூடும்வரை காத்திருந்தேன்.

அந்த வாக்கியத்தை அவள் சொன்னது உண்மை, முழு மனதோடுதான் சொன்னாள் என்றேன். சபை ஆமென் என்றது.

ஆனால் அது கடைசி இல்லை என்றேன்.

போதகர் தரையைப் பார்த்தார். முதல் வரிசைப் பெண் மட்டும் என்னைப் பார்த்தாள். அதன்பிறகு அவளிடம் மட்டும்தான் பேசினேன்.

அன்று என் மனைவிக்கு வலி வந்துவிட்டது. பிரசவ அறையைத் தயார்செய்ய நர்ஸ் போயிருந்தார். நாங்கள் இருவர் மட்டும். மூச்சுக்கு நடுவே என் கையைப் பிடித்து இழுத்துச் சொன்னாள்:

"இப்பக் கலைச்சாக்கூட நான் பொழைச்சுக்குவேன்ல? டாக்டர்கிட்ட ஒரு தடவ கேட்டுப் பாருங்களேன்."