வாய் வறண்ட காரணம்

"நூல் நுனியை நனைக்கக்கூட வாயில எச்சில் ஊறல டாக்டர். ஊசி கோக்கவே பக்கத்துல தண்ணி டம்ளர் வெச்சுக்கிறேன்" என்றார் தையல்காரர்.

பல் டாக்டர் அம்மாள் விளக்கைத் திருப்பிப் பார்த்தார். "எச்சில் வத்திப்போய் ஒன்பது பல்லு சொத்தையாயிருக்கு. சர்க்கரையும் இல்லேங்கிறது ரிப்போர்ட். மனசுக்கு, தூக்கத்துக்குன்னு ஏதாவது மாத்திரை சாப்பிடறீங்களா?"

"மாத்திரையா? தலைவலிக்குக்கூடத் தொடமாட்டேன்! மூக்குக்கு மேல நின்ன கோபத்தையே வெறும் மனஉறுதியால அடக்கினவன் நான். வேணும்னா இவளைக் கேளுங்க!"

உடன் வந்திருந்த மனைவி கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டு நின்றாள்.

"அப்ப சுரப்பியிலதான் கோளாறு. உதட்டுக்குள்ள லேசா கீறி, சதை எடுத்துப் பார்த்துடலாம்."

கீறல் என்றதும் மனைவி பதறிப்போனாள். "வேண்டாம் டாக்டர்! கீறாதீங்க. அந்த மாத்திரைதான் காரணம்."

"எந்த மாத்திரை?"

"இவர் காபியில நான் கலக்கிறது. ஆறு வருஷமா. மனநல டாக்டர் எழுதிக் கொடுத்தது."

தையல்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அடிப்பாவி! எனக்கே தெரியாமலா? எதுக்குடி?"

அவள் தலை நிமிர்ந்தாள்.

"ஆறு வருஷமா நம்ம பொண்ணு உங்க பக்கத்துல உட்கார்ந்து பயமில்லாம சாப்பிடறாளே, அதுக்குத்தான்."