உச்சியில் மாமனார்

ரோலர் கோஸ்டரின் முதல் பெட்டியில், பேத்தி மைத்ரேயிக்குப் பக்கத்தில் கம்பியைக் கெட்டியாகப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார் கஸ்தூரிரங்கன். வயது அறுபத்தெட்டு.

“பாரேன் உங்கப்பாவை!” என்றாள் கீழே நின்றிருந்த மருமகள் வர்ஷினி. “அம்மா அங்க முட்டி வலியோட ரூம்ல படுத்துண்டிருக்கா. இவருக்கு ரோலர் கோஸ்டர் கேக்கறது!”

“விடு வர்ஷி. என்னிக்கோ ஒரு நாள்” என்றான் கணவன் பரத்வாஜ், வாய் நிறையப் பாப்கார்னோடு.

மயிலாப்பூரிலிருந்து குடும்பத்தோடு முந்தின நாள் சாயங்காலம்தான் வந்து இறங்கியிருந்தார்கள். தீம் பார்க்குக்குள்ளேயே ஓட்டல். ஜன்னலைத் திறந்தால் ராட்டினம்.

காலையில் எல்லோரும் கிளம்பும் நேரத்தில் மாமியார் ஜெயலக்ஷ்மி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

“முட்டி பிடிச்சுண்டுடுத்து. நீங்கள்லாம் போயிட்டு வாங்கோ.”

“நான் கூட இருக்கேம்மா” என்று வர்ஷினி சொல்லி வாய் மூடவில்லை.

“அதெல்லாம் ஒண்ணும் வேண்டாம். அவ படுத்துக்கட்டும். வாங்கோ, வாங்கோ!” என்று மூன்று பேரையும் வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டார் மாமனார்.

அதற்கப்புறம் அவரைக் கையில் பிடிக்க முடியவில்லை. ஊஞ்சல் கப்பல், தலைகீழாகச் சுற்றுகிற சக்கரம், எதையும் விடவில்லை. எல்லோரும் ஓவென்று அலறும்போது அவர் மட்டும் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு என்னவோ முணுமுணுத்தார்.

ரசிக்கிறாராம்! வர்ஷினிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“அப்பா, வெயில் தாங்கலை. ரூமுக்குப் போய் ஒரு தூக்கம் போட்டுட்டு வரலாமா?” என்றான் பரத்வாஜ்.

“என்னடா, கிழவனாட்டம்! அந்த ராட்டினம் இன்னும் பாக்கி இருக்கே!” அண்ணாந்து பார்க்காமலே ஒரு கையை மட்டும் மேலே காட்டினார்.

மைத்ரேயிக்கே அலுத்துவிட்டது. “போதும் தாத்தா. பாட்டிகிட்டப் போலாம்.”

“பாட்டி எங்கயும் ஓடிப் போயிடமாட்டா. நீ வா!”

மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது வர்ஷினி தயிர்சாதம் ஒரு பார்சல் வாங்கிக்கொண்டாள்.

“இதை அம்மாக்குக் குடுத்துட்டு வந்துடறேன். ரூம் கார்டைக் குடுங்கோப்பா.”

கஸ்தூரிரங்கன் ஒவ்வொரு பையாகத் தட்டிப் பார்த்தார். “எங்க வெச்சேன்னு தெரியலையே... அவ ஏதாவது வரவழைச்சுச் சாப்பிட்டிருப்பா. நீ எதுக்கு வெயில்ல அலையறே?”

கார்டின் நுனி அவர் சட்டைப் பையிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

வர்ஷினிக்குப் பொறுமை போய்விட்டது.

“வலியோட படுத்திருக்கறவாளை ஒரு எட்டு நீங்களும் போய்ப் பாக்கல. போறவளையும் விடமாட்டேங்கறேள். எப்படிப்பா உங்களுக்கு மனசு வரது?”

பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கஸ்தூரிரங்கனின் முகம் சிறுத்துப் போயிற்று. “வாடி கண்ணா, ராட்டினம் சுத்தலாம்” என்று பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

வர்ஷினி விறுவிறுவென்று ஓட்டலுக்கு நடந்தாள்.

அறைக் கதவைத் தட்டினாள். பதில் இல்லை. பயந்துபோய்ப் படபடவென்று தட்டினாள்.

“யாரது, சும்மா சும்மா!”

கதவைத் திறந்த ஜெயலக்ஷ்மி, ஓட்டல்காரர்களின் வெள்ளை அங்கியில் இருந்தாள். ஈரத் தலையில் துண்டு. கையில் பாதி கடித்த பீட்சா. உள்ளே டி.வி.யில் யாரோ யாரையோ கொலை செய்துகொண்டிருந்தார்கள்.

மருமகளைப் பார்த்ததும் முகம் விழுந்துவிட்டது. “நீயா? எதுக்குடி வந்தே?”

“அம்மா... முட்டி?”

“அதுக்கென்ன, கல்லாட்டம் இருக்கு.” நடைவழியை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு வர்ஷினியை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள். “யார்கிட்டயும் சொல்லிடாதே. கல்யாணமான நாள்லேர்ந்து ஒரு நாள் கூட நான் தனியா இருந்ததில்லடி. எப்பப் பாத்தாலும் காபி, டிபன், அதைக் காணும், இதைக் காணும். குளிக்கப் போனாக்கூட, பெருங்காய டப்பா எங்கன்னு கதவைத் தட்டுவா.”

தட்டுகிறவள் வர்ஷினிதான். அவள் அசடு வழிந்தாள்.

“ஊருக்குப் போறோமே, உனக்கு என்ன வேணும்னு உங்க மாமனார் கேட்டார். ஒரு நாள், ஒரே ஒரு நாள், கதவைச் சாத்திண்டு தனியா இருக்கணும், யாரும் என்னைக் கூப்பிடக் கூடாதுன்னேன். ‘சாயங்காலம் வரைக்கும் ஒருத்தரையும் அந்தப் பக்கம் விடமாட்டேன், நீ நிம்மதியா இரு’ன்னு சொன்னார்.”

“எங்ககிட்ட நேராவே சொல்லியிருக்கலாமேம்மா!”

“சொன்னா? பரத் மூஞ்சியைத் தூக்கி வெச்சுப்பான். நீ, ‘நான் ஏதாவது குறை வெச்சேனா’ம்பே.”

உண்மைதான். வர்ஷினி தயிர்சாதத்தை மேஜைமேல் வைத்தாள்.

“அப்பாவை நாலு பேர் எதிர்ல என்னென்னவோ பேசிட்டேம்மா.” பிறகு தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டாள். “போகட்டும், அவராவது சந்தோஷமா இருக்கார். ஒரு ரைடு பாக்கியில்ல. இப்போகூட ராட்டினத்துலதான் ஏறியிருப்பார்.”

வாய்க்குக் கொண்டுபோன பீட்சாவோடு ஜெயலக்ஷ்மியின் கை பாதியில் நின்றது.

“யாரு ஏறினா? அவரா?”

ஓடிப்போய் ஜன்னல் திரையை விலக்கினாள். வெளியே, ராட்டினத்தின் உச்சியில் ஒரு பெட்டி காற்றில் அசைந்துகொண்டிருந்தது.

“கீழ நின்னு வேடிக்கை காட்டிண்டிருப்பார்னு நெனச்சேனே! நம்மாத்து மொட்டை மாடில வடாத்தைக் காக்கா கொத்தினாக்கூட மேல வரமாட்டாரேடி அந்த மனுஷன்... உசரம்னா அவ்ளோ பயம் அவருக்கு!”