உட்கார்ந்து போக ஒரு வண்டி

நரியின் வண்டிக்கடை வாசலில், சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுங்கிய சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

பொதி சுமந்து முதுகு புண்ணாகிப்போன கழுதை, மிச்ச நாளையாவது உட்கார்ந்து கழிக்க ஒரு வண்டி வாங்க வந்திருந்தது.

“ஏறிப் பாருங்க அண்ணாச்சி! மெத்தை எப்படி?”

“சொகமா இருக்கு. ஆமா, இதை யாரு இழுப்பா?”

“நல்ல நேரம் முடியப்போகுது, இப்பப் போயி... முதல்ல மாலையைப் போடுங்க, போட்டோ எடுக்கணும்!”

கழுதை பல்லெல்லாம் தெரியச் சிரித்தது. கற்பூரம் காட்டிய கையோடு, கடை ஓநாய்கள் வண்டியைத் தெருவரை தள்ளிவிட்டுத் திரும்பின.

“நரியாரே, இழுக்க ஆளு?”

“வண்டி உங்களோடது அண்ணாச்சி. வாசலை அடைச்சு நிக்காதீங்க, அடுத்த பார்ட்டி வருது.”

கழுதை இறங்கி நுகத்தடிக்குக் கழுத்தைக் கொடுத்தது. அந்த மழைக்காலத்தில், ஒரு மேட்டில், வெறும் வண்டியை இழுத்தபடியே செத்துப்போனது.