எடைக் குறைப்பு

கார்க் கதவைத் திறந்த ஸ்வேதா அப்படியே நின்றுவிட்டாள்.

உட்கார சீட் இல்லை. சீட் இருந்த இடத்தில் வெறும் தகரமும் நாலு போல்ட் ஓட்டையும்தான் இருந்தன.

"ஏனுங்க, என் சீட்டு எங்கீங்க?"

"கழட்டியாச்சு. முப்பது கிலோ!" என்றான் தரணிதரன், ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே. "பின் சீட்டு, கார்பெட், ஏசி, ஸ்பீக்கர், ஸ்டெப்னி எல்லாம் சேர்த்தா நூத்தம்பது கிலோ குறைஞ்சிருக்கு. இனி மேட்டுல ஏறினா பறக்கும் பாரு."

ரெண்டே கதவு வைத்த சொகுசு ஸ்போர்ட்ஸ் கார். மூன்று வருடத்துக்கு முன்னால் ஆசை ஆசையாக வாங்கியது. குன்னூர் கடைவீதியில் அது போனால் திரும்பிப் பார்க்காத ஆள் இல்லை. இப்போது உள்ளே எட்டிப் பார்த்தால் காலி டப்பா மாதிரி இருந்தது.

எல்லாம் மே மாதம் நடக்கப்போகிற மலையேற்றக் கார் போட்டிக்காகவாம். தேயிலை வியாபாரம் உண்டு, தான் உண்டு என்று இருந்த மனுசனுக்கு முப்பத்தெட்டு வயதில் ரேஸ் பைத்தியம்.

"அப்ப நான் எதுல வர்றது? இன்னிக்கு உங்ககூட கோயமுத்தூர் வந்து அம்மாவைப் பார்க்கலாம்னு இருந்தேன்."

"ஏழு மாசத்துல உனக்கெதுக்கு இந்த மலைப் பிரயாணம்? பிராக்டீஸ் முடிச்சுட்டு நாளைக்கு சாயங்காலம் வந்துடறேன்."

கார் உறுமிக்கொண்டு இறக்கத்தில் மறைந்தது.

ஸ்வேதாவுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஒன்பது வருடம் காத்திருந்து உண்டான குழந்தை. பிரஷர் ஏறிக்கொண்டே போகிறது, மனசை அலட்டிக்கொள்ளவே கூடாது என்று டாக்டரம்மா ரெண்டு பேரையும் உட்கார வைத்துச் சொல்லியிருந்தார். இவனோ வெள்ளிக்கிழமை ஆனால் கிளம்பிவிடுகிறான். சாப்பாடும் சரியில்லை. காலையில் அரை இட்லியோடு எழுந்துவிட்டான். கேட்டால், "டிரைவரோட வெயிட்டும் கணக்குதான்" என்கிறான். ரெண்டு மாதத்தில் பதினோரு கிலோ! பெல்ட்டில் புதிதாக மூன்று ஓட்டை.

பத்து மணிக்கு மேல் பொறுக்க முடியவில்லை. ஆட்டோ பிடித்து மெக்கானிக் சுப்பண்ணனின் ஒர்க்‌ஷாப்புக்குக் கிளம்பினாள். தூண்டிவிடுவதே அந்த ஆள்தான். நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டால்தான் ஆறும்.

உள்ளே நுழைந்தவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

தரணிதரனின் கார் அங்கே நின்றுகொண்டிருந்தது.

பானெட்டைத் தொட்டுப் பார்த்தாள். சில்லென்று இருந்தது.

"அண்ணா! அவரு எங்கீங்க?"

தார்ப்பாயும் கையுமாக வந்த சுப்பண்ணனுக்கு முகம் வெளுத்துவிட்டது. "அம்மிணி... அவரு கோயமுத்தூருக்குங்க..."

"கார் இங்க நிக்குது. அவரு எதுல போனாரு?"

சுப்பண்ணன் கையிலிருந்த தார்ப்பாயைச் சுருட்ட ஆரம்பித்தார்.

"போன வாரமும் கார் இங்கதான் நின்னுதா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

வாராவாரம் ஒரு ராத்திரி வெளியூர் தங்கல். பட்டினி கிடந்து உடம்பைக் குறைத்துக்கொண்டிருக்கிறான். கட்டினவள் பக்கத்தில் வந்து உட்கார முடியாதபடி சீட்டையே பிடுங்கிப் போட்டிருக்கிறான்.

"யாருங்கண்ணா அவ?"

"அய்யோ, என்ன பேச்சுங்க இது!"

"மறைக்காதீங்க. வயித்துப் புள்ளையோட வந்து நிக்கறேன். கண்டவளோட சுத்தறதுக்கு ரேஸுன்னு ஒரு நாடகம். அதுக்கு நீங்களும் உடந்தை. அப்படித்தானே?"

சுப்பண்ணன் தார்ப்பாயைக் கீழே போட்டார். ஸ்டூலை இழுத்து அவளை உட்கார வைத்தார். சொம்பில் தண்ணீர் கொடுத்து, அவள் குடித்து முடிக்கிற வரைக்கும் காத்திருந்தார்.

"பிரசவம் முடியற வரைக்கும் வாயத் திறக்கக் கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கியிருக்காருங்க. ஆனா அந்த மனுசன் மேல இப்படி ஒரு பழி விழறப்ப நான் எப்படிங்க சும்மா இருக்கறது?"

"என்ன சத்தியம்?"

"எங்க மெக்கானிக் சுரேஷ்தான் வாராவாரம் வேன்ல கூட்டிட்டுப் போறான். ஆஸ்பத்திரிக்குங்க. வயித்துல கட்டி... நல்ல கட்டி இல்லீங்க. ராத்திரி பூரா மருந்து ஏத்தறாங்க. இன்னும் நாலே வாரந்தான், சரியாயிரும்னு டாக்டர் சொல்லியிருக்காருங்க. பயந்துக்காதீங்க அம்மிணி."

ஸ்வேதாவின் கை தானாக வயிற்றைப் பிடித்துக்கொண்டது. அழுகைகூட வரவில்லை. சற்று முன் தன் வாயிலிருந்து வந்த வார்த்தை அவளுக்கே காதில் திரும்பத் திரும்பக் கேட்டது.

காரைத் திரும்பிப் பார்த்தாள்.

"அப்ப... ரேஸு?"

"ரேஸும் இல்லை, ஒண்ணும் இல்லீங்க."

"அப்புறம் எதுக்குங்கண்ணா இந்தக் காரை இப்படி எலும்புக்கூடாக்கி வெச்சிருக்கீங்க?"

சுப்பண்ணன் எண்ணெய்க் கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"சீட்டைக் கழட்டினது, நீங்க கூடக் கிளம்பிடக் கூடாதுன்னுங்க. மத்ததெல்லாம்... அவரு எளைக்கறதுக்கு உங்ககிட்டச் சொல்ல ஒரு காரணம் வேணுமில்லீங்களா? அதுக்குத்தான் அம்மிணி, இந்தக் காரையும் கூடச் சேர்த்து எளைக்க வெச்சோம்."