பச்சைக் கேன்

ரோடோப்பி மலையடிவாரப் பட்டறையில், லாரியின் என்ஜின் பிளாக்கில் ஓடிய விரிசலைத் தடவிப் பார்த்த மெக்கானிக் கிரில் உதட்டைப் பிதுக்கினான்.

"வெல்டு வெச்சாலும் நிக்காது, ஸ்டாமென் அண்ணே. பிளாக்கையே மாத்திடுங்க. உள்ள இருந்தது உறையாம காக்கிற கூலன்ட் இல்ல, வெறும் பச்சைச் சாயத் தண்ணி. குளிர்ல உறைஞ்சு வெடிச்சிருக்கு."

லாரி முதலாளி ஸ்டாமென் டிரைவர் மேல் பாய்ந்தார். "கடைப் பின்னறையில இருந்த கேனைத்தானேடா ஊத்தச் சொன்னேன், வெலிகோ?"

"அது பழசு, முதலாளி. நம்ம வண்டிக்கு நல்லதா இருக்கட்டும்னு, கடையில நீங்க விக்கிற புதுக் கேனை எடுத்து ஊத்தினேன்."

ஸ்டாமென், நகக்கண்ணில் பச்சை ஒட்டியிருந்த கைகளைக் கோட்டுப் பைக்குள் செருகிக்கொண்டார்.

"இந்த வாரத்துல இது ஆறாவது பிளாக்," என்ற கிரில் வாசலைப் பார்த்தான். "ஏழாவதும் வந்தாச்சு."

ஊரின் ஒரே ஆம்புலன்ஸை நாலு பேர் பனியில் தள்ளிக்கொண்டு வந்தார்கள்.