அலகின் நுனி

அது இறங்கிவிட்டது.

புதருக்குப் பின்னால் குப்புறப் படுத்திருந்தவள் மூச்சை அடக்கிக்கொண்டாள். கண் கேமராவில்.

செந்தலைப் பாறு. பிணம் தின்னும் கழுகுதான். தலையும் கழுத்தும் மொட்டையாய், சிவப்பாய் இருக்கும். உலகத்திலேயே கொஞ்சம்தான் மிச்சமாம். இதற்காகத்தான் கோயம்புத்தூரில் பேங்க் உத்தியோகத்தில் இருப்பவள் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பஸ் மாறி மாறி மாயாற்றங்கரையில் இருக்கும் எங்கள் ஊருக்கு வருகிறாள். வருஷக்கணக்காக.

இவள் புருஷனை விட்டாளா, புருஷன் இவளை விட்டானா என்பதில் எங்கள் தெரு இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை.

நேரில் பார்த்தால் கேட்கவும் மனசு வராது. முழங்கையெல்லாம் காய்ப்பு. பஸ்ஸிலேயே நரைத்துவிட்ட மாதிரி ஒரு தலை.

படம் எடுத்தோமா போனோமா என்று இருக்கிற ஆளும் இல்லை. வீடு வீடாக ஏறி ஒரே பாட்டு. மாடு படுத்துவிட்டால் அந்த வலி ஊசி மட்டும் வேண்டாம். ஊசி போட்ட மாடு செத்து, அதைப் பாறு தின்றால் பாறும் செத்துவிடும்.

நாங்கள் தலையாட்டினோம். காபியும் கொடுத்தோம்.

ஊசி போடாத மாடு செத்தால் புதைக்காமல் சொல்லி அனுப்புங்கள் என்றாள்.

மாடு செத்ததும் எங்கள் தெரு மாதையன் சொல்லி அனுப்பினான். மாட்டுக்கு ஊசியே போடவில்லை என்றும் சொன்னான்.

மாடு பாறை மேட்டில் கிடந்தது. நாங்கள் நாலைந்து பேர் வேடிக்கை பார்க்கப் போயிருந்தோம். மாதையன் பெண்டாட்டி சிக்கம்மா மாட்டைக் கடைசியாகப் பார்க்க வந்திருந்தாள். பேசக் கூடாது, அசையக் கூடாது என்று கட்டளை. எங்கள் தெருவை அப்படி உட்கார வைத்த முதல் ஆள் இவள்தான்.

பாறு மாட்டின் மேல் ஏறியது. கழுத்தை நீட்டிக் குனிந்தது.

கிளிக்.

ஒரே ஒரு கிளிக்.

சிக்கம்மாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. முந்தானையில் மூக்கைச் சிந்தினாள்.

"வலி தாங்காம கத்திட்டே கெடந்துச்சுங்க. அதான் அந்த ஊசியப் போட்டமுங்க. அப்பறமும் எந்திரிக்கலீங்."



எங்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். ஊசிக்காரரின் வண்டி எந்த வேப்பமரத்தடியில் நின்றது என்பதுகூடத் தெரியும்.

எங்களை யார் கேட்டார்கள்?

கேமராவை விட்டுவிட்டு அவள் எழுந்தாள். துப்பட்டாவை உருவிச் சுழற்றிக்கொண்டு, செருப்பில்லாமல் மாட்டை நோக்கி ஓடினாள். கத்தினாள். குனிந்து கல்லை எடுத்து வீசினாள்.

அந்தக் கழுகுக்காக இத்தனை வருஷம் தவம் கிடந்தவள் அதைக் கல்லால் அடிக்கிறாள்.

எங்களில் ஒருத்தி சிரித்துவிட்டாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டாள்.

பாறு தாழப் பறந்து எதிர்ப் பாறையில் போய் உட்கார்ந்தது. இறக்கையை மடக்கிக்கொண்டது. போகிற உத்தேசம் இல்லை.

அவளும் போகவில்லை. மாட்டின் பக்கத்திலேயே நின்றாள். ஈ மொய்த்தது. நாற்றம் எங்கள் புதர் வரைக்கும் வந்தது.

சேதி போய், மாதையன் மண்வெட்டிகளோடு வந்தான். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"உங்குளுக்கு ஒரு படமாச்சும் கெடைக்கட்டும்னுதானுங்க்கா ஊசி போட்டதச் சொல்லாம உட்டன்."

திட்டுவாள் என்று காத்திருந்தோம். ஒரு மண்வெட்டியை வாங்கிக்கொண்டாள்.

மண்ணா அது, பாதி கல். வேடிக்கை பார்க்கப் போனது எங்கள் தோள்பட்டையில் வந்து விடிந்தது.

மாடு மண்ணுக்குள் போன பிறகுதான் பாறு எழுந்தது. பள்ளத்தாக்குப் பக்கமாகப் போனது. அது புள்ளியாகும் வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

பஸ் நிறுத்தத்தில் கேமராவைத் திறந்தாள். சும்மா இருப்போமா, எட்டிப் பார்த்தோம்.

என்ன படம்! இறகு இறகாக எண்ணலாம். கண்ணில் வெயில்கூட விழுந்திருந்தது. காலண்டரில் போடலாம் என்றோம்.

அவள் காதில் விழவில்லை.

படத்தைப் பெரிதாக்கினாள். தலை.

இன்னும் பெரிதாக்கினாள். அலகு.

இன்னும்.

நுனியில் சிவப்பாய் ஏதோ. அதற்குமேல் படம் கட்டம் கட்டமாய் உடைந்தது. உடைந்த பிறகும் விரல் பொத்தானை விடவில்லை.

பஸ் வந்து நின்றது. அவள் ஏறவில்லை. கேமராவை எங்கள் பக்கம் திருப்பினாள்.

"கறியா அது? பாருங்களேன்."

முதல்முறையாக எங்களைக் கேட்கிறாள்.

ஒருத்திக்கும் கழுத்து நீளவில்லை.