பத்தாவது ஆள்

துறைமுகத்தை ஒட்டிய யூதர்களின் சிறிய ஜெப ஆலயத்தில் ஒரு பித்தளை விளக்கும் ஒரு மர பெஞ்சும் இருந்தன. பத்து ஆண்கள் கூடினால்தான் அங்கே வேதச்சுருளைத் திறந்து வாசிப்பார்கள். ஒரு சனிக்கிழமை காலையில் ஒன்பது பேர்தான் வந்தார்கள்.

“ஊரில் மிச்சம் இவ்வளவுதான். இனி இந்த இடத்தைப் பூட்டிவிடுவார்கள்” என்று பெஞ்ச் கலங்கியது.

“பூட்ட மாட்டார்கள்” என்றது விளக்கு. “நான்கு குடும்பங்கள்தான் முதலில் கப்பலில் வந்து இறங்கின. அன்றைக்குச் சுவர்கூடக் கிடையாது. என்னைத் தென்னை மரத்தில் மாட்டினார்கள். பிறகொரு முறை கூரை எரிந்துபோனது. அடுத்த வாரமே மழையில் நனைந்துகொண்டு ஜெபித்தார்கள். இவர்களை எனக்குத் தெரியும்.”

அப்போது தையல்காரர் மோர்தெகாய் எழுந்து வெளியே போனார்.

“பார்த்தாயா, ஒருவர் கிளம்பிவிட்டார்!” என்றது பெஞ்ச்.

மற்ற எட்டுப் பேரும் அசையாமல் காத்திருந்தார்கள். ஒரு மணி நேரம் கழித்து, மோர்தெகாய் வியர்க்க விறுவிறுக்க இரண்டு மாலுமிகளோடு திரும்பினார்.

“ஒவ்வொரு கப்பலாகப் போய்க் கேட்டேன். மூன்றாவதில் நம்மவர்கள் இருந்தார்கள்!” என்றார்.

வேதச்சுருள் திறந்தது. மாலுமிகள் இருவரும் உட்கார்ந்ததும் பெஞ்சின் கால்கள் கிறீச்சிட்டன.

“தாங்குவாயா?” என்று கேட்டது விளக்கு.

“இன்னும் நாலு பேர் வரட்டும், தாங்குகிறேன்” என்றது பெஞ்ச்.